எங்கள் வீட்டு வில் பருவம்

மாகறலில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு பருவக் கணக்கு உண்டு. விஜயதசமி அன்று வில் உறையிலிருந்து வெளியே வரும். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் நாணைக் கழற்றி, துடைத்து, திரும்ப உறைக்குள் வைப்போம். நடுவில் இருக்கும் மாதங்கள்தான் எங்கள் வில் பருவம். சித்திரை வெயிலில் செய்யாற்றுக் கரையில் நின்று குறி பார்க்க முடியாது. ஐப்பசியில் மழை விட்ட மாலையும் மார்கழிக் காலையும்தான் அதற்குத் தோது.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், மகன் ஏழாவது. வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். என் அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். ஐந்து பேருக்கும் இதில் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. இந்த வருஷப் பருவம் முடிந்த சூட்டிலேயே இதை எழுதுகிறேன். "வில்லா? எதுக்கும்மா, வேட்டைக்கா?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் ஒரு பக்கம், "என் பிள்ளையையும் சேர்க்கலாமா?" என்று கேட்கிற தோழிகள் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

உடும்பு காட்டிய கோயில்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பாதையில் வருகிறது எங்கள் ஊர். திருஞானசம்பந்தர் பாடிய தலம், தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32இல் ஒன்று. இங்கே லிங்கம் மற்ற கோயில்களில் பார்க்கிற மாதிரி இருக்காது. உடும்பின் வால் போல மெலிந்து இருக்கும்.

தலபுராணம் சொல்வது ஒரு வேட்டைக் கதை. ராஜேந்திர சோழன் கண்ணில் பொன்னிற உடும்பு ஒன்று படுகிறது. துரத்துகிறார்கள். அது ஓடிப்போய் ஒரு புற்றுக்குள் நுழைந்துகொள்கிறது. ஆட்கள் விடாமல் ஆயுதத்தால் தாக்க, புற்றிலிருந்து ரத்தம் பீறிடுகிறது. அசரீரி கேட்கிறது. அரசன் அதே இடத்தில் கோயில் எடுக்கிறான். சுவாமிக்கு மாகறலீஸ்வரர் என்று பேர். உடும்பீசர், புற்றிடங்கொண்ட நாதர், அடைக்கலம் காத்த நாதர் என்றும் சொல்வார்கள். வேட்டையில் பட்ட அடியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்ட சாமியைத்தான் நாங்கள் சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வளர்ந்திருக்கிறோம்.

தமிழில் இன்னொரு உடும்பும் இருக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் பாடுகிறார். ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைக் கடந்து, மானையும் பன்றியையும் ஊடுருவி, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பின் மேல் தைத்து நிற்கிறது. காட்டு வழியில் அவனைச் சந்திக்கிற பாணர் கூட்டத்துக்கு அவன் ஊனும் தேனும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். இன்றைக்கும் கொல்லிமலையில் ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் வைக்கிறார்கள்.

இந்த இரண்டு கதையையும் என் பிள்ளைகளுக்குச் சேர்த்தேதான் சொல்லியிருக்கிறேன். ஒன்று கையின் திறமையைப் பார்த்து வியக்கிறது. மற்றொன்று அந்தக் கையால் பட்ட காயத்துக்குப் பதில் கேட்கிறது. வில்லைத் தொடுகிற பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் இதிகாசங்களை யோசித்துப் பாருங்கள். தசரதன் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை என்று நினைத்து இருட்டில் அம்பு விடுகிறான். கண் தெரியாத தாய் தகப்பனின் ஒரே பிள்ளை சாகிறது. பாண்டு, இணைந்திருந்த மான்களின் மேல் அம்பு விடுகிறான். அது மான் வடிவில் இருந்த முனிவர். இரண்டு குடும்பங்களின் துயரமும் வேட்டைக் காட்டில் அவசரப்பட்டு விட்ட அம்பிலிருந்துதான் தொடங்குகிறது. நம் முன்னோர்கள் வில்லைக் கொண்டாடியவர்கள். எப்போது விடக்கூடாது என்பதையும் அவர்களே இப்படிக் கதையாகச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்பாவின் ஆற்றங்கரை

எங்கள் செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம் வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு, இங்கே வந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. செங்கம் பக்கம் ஏராளமான நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரையைக் கவரவும் மீட்கவும் போய் இறந்த வீரர்கள் கையில் வில்லோடு நிற்பார்கள். அந்தக் கற்களைப் பற்றிய "செங்கம் நடுகற்கள்" நூலைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972இல்தான். வில்லேந்தியவர்களின் கதை புத்தகமான வருஷமே, இந்த நாட்டில் வேட்டைக்கும் சட்டம் எல்லை போட்டது.

அப்பா அதற்கு முந்தின காலத்து ஆள். சின்னப் பையனாக இருந்தபோது பெரியவர்களோடு முயலுக்கு வலை கட்டப் போனதையும், கௌதாரிக்குக் கண்ணி வைத்ததையும் சொல்வார். உண்டிகோல் இல்லாத பையனே அப்போது ஊரில் கிடையாதாம். இப்போது அவர் எதையும் பிடிப்பதில்லை. ஆனால் பார்வை அப்படியே இருக்கிறது. ஈர மணலில் ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு, "இது நாய் இல்லடா, நரி. நாயோட தடம் அகலமா இருக்கும். இது ஒடுங்கி, ஒரே கோட்டுல போகுது பாரு" என்று பேரனுக்குக் காட்டுவார்.

உடும்பு இன்றைக்குப் புலிக்குச் சமமாக அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதன் கறி மருந்து, ரத்தம் மருந்து என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள், வாங்காதீர்கள் என்று இந்த இடத்தில் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வில்லைக் கையில் எடுத்தால்

எங்கள் வீட்டில் இரண்டு வில். மகன் கையில் இருப்பது மூங்கில் வில். தேசிய அளவில் "இந்தியன் ரவுண்ட்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூங்கில் வில்தான் அதற்கு, குறி பார்க்க சைட் கிடையாது, 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்ய வேண்டும். மகள் எய்வது ரிகர்வ், ஒலிம்பிக்கில் நீங்கள் பார்ப்பது. அங்கே தூரம் 70 மீட்டர், டார்கெட்டின் அகலம் 122 சென்டிமீட்டர், நடுவில் இருக்கிற பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர். எழுபது மீட்டரில் அந்த மஞ்சள் ஒரு பொட்டாகத்தான் தெரியும். அவள் இன்னும் அந்தத் தூரத்துக்கு வரவில்லை, வருவாள்.

கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். கால் இரண்டும் தோள் அகலத்துக்கு. வில் பிடிக்கிற கை இறுகக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வில் சும்மா சாய்ந்திருக்க வேண்டும். நாணில் மூன்று விரல்: அம்புக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. இழுப்பது கையால் என்று நினைக்கிறோம். உண்மையில் இழுப்பது முதுகு, இரண்டு தோள்பட்டை எலும்பும் ஒன்றை ஒன்று நெருங்கி வர வேண்டும். நாண் மூக்கு நுனியையும் மோவாயையும் தொடும். கை தாடைக்கு அடியில் வந்து பதியும், அதைத்தான் "ஆங்கர்" என்கிறார்கள். ஒவ்வொரு அம்புக்கும் அதே இடத்தில் பதிய வேண்டும். அங்கே இம்மி நகர்ந்தால் டார்கெட்டில் ஜாண் கணக்கில் தள்ளிப் போகும்.

இதில் எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம், விடாமல் இறக்குவது. முழுதாக இழுத்தாகிவிட்டது, ஆனால் ஏதோ சரியில்லை. காற்று திரும்பிவிட்டது, மூச்சு தப்பிவிட்டது, மனது வேறெங்கோ போய்விட்டது. அப்போது விரலை விடாமல், நாணை மெதுவாக முன்னே கொண்டுபோய் வில்லைத் தளர்த்த வேண்டும். கிரவுண்டில் இதை "லெட் டவுன்" என்பார்கள். சொல்ல லேசு. ஆனால் கை நடுங்குகிறபோது, பின்னால் பத்துப் பேர் பார்க்கிறபோது, விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் மனது சொல்லும். போட்டியில் மாற்றி மாற்றி எய்யும் சுற்றில் ஒரு அம்புக்கு 20 விநாடிதான். அந்த 20 விநாடிக்குள்ளும் இறக்கிவிட்டு மறுபடி இழுக்கிற நெஞ்சுறுதி பெரிய வீரர்களிடம் இருக்கிறது.

மகன் இந்தப் பருவத்தில் கற்றுக்கொண்டது அதைத்தான். ஒரு மார்கழிக் காலையில் வில்லை முழுக்க இழுத்து நின்றவன், அப்படியே இறக்கினான். "ஏன்டா கண்ணு?" என்று அப்பா கேட்டார். "டார்கெட்டுக்குப் பின்னாடி மைனா வந்து உக்காந்திருக்கு தாத்தா" என்றான். அப்பா ஒன்றும் பேசவில்லை, தோளில் தட்டிக் கொடுத்தார். அவன் எடுத்த எந்தப் புள்ளியையும் விட அதுதான் எனக்குப் பெரிது.

குடும்பமாகச் செய்வதற்கு இது ஏன் இவ்வளவு பொருத்தம் என்றும் யோசித்திருக்கிறேன். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் நெய்ய, மறுகரைக்கு நாடா வீச இன்னொருவர் உட்கார வேண்டும். வில்லும் அப்படித்தான். எய்கிறவருக்குத் தன் முழங்கை தெரியாது, தோள் ஏறியிருப்பது தெரியாது. பின்னால் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு நூலின் நெளிவைப் பார்த்துப் பழகிய கண். "தோளை இறக்கும்மா" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், மகளின் அடுத்த அம்பு நேராகப் போகும்.

விஸ்கான்சினில் இன்னொரு பருவம்

என் சித்தி மகன் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறான். அங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது, வில்லுக்கென்று தனிக் காலமே இருக்கிறது. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரங்கள் வரை. கிட்டத்தட்ட எங்கள் பருவமேதான். உரிமம் வாங்க வேண்டும், பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும், எத்தனை மான் என்பதற்கு வரம்பு உண்டு. ஓநாயும் பூமாவும் குறைந்துபோன காடுகளில் மான் பெருகிப் பயிரையும் இளமரங்களையும் அழிக்கிறது, அதனால் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசே இப்படி ஏற்பாடு செய்கிறது.

அவன் பயன்படுத்துவது காம்பவுண்ட் வில். ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் மிசௌரியில் உருவாக்கி 1969இல் காப்புரிமை பெற்ற வடிவம். இரண்டு முனையிலும் உருளைகள் இருக்கும். முழுதாக இழுத்த பிறகு விரல் தாங்க வேண்டிய பாரம் பெருமளவு குறைந்துவிடும். அதனால் நெடுநேரம் இழுத்த நிலையில் காத்திருக்கலாம்.

போனில் அவனிடம் ரொம்ப நேரம் பேசியிருக்கிறேன். "அக்கா, மரத்து மேல உக்காந்திருக்கிறதுதான் பருவம். முக்கால்வாசி நாள் அம்பு விடாமத்தான் இறங்கி வருவேன்" என்பான். இருபது முப்பது கெஜத்துக்குள் மான் வர வேண்டும், பக்கவாட்டில் நிற்க வேண்டும், நடுவில் கிளை குறுக்கிடக் கூடாது. ஒரே அம்பில் உயிர் போகும் என்ற உறுதி இல்லாவிட்டால் விடக் கூடாது, காயத்தோடு ஓடவிட்டால் அது பாவம் என்கிறான். சனிக்கிழமைகளில் அவன் பிள்ளைகளோடு ரப்பர் நுரையில் செய்த மான், கரடி பொம்மைகளைக் காட்டுக்குள் வைத்துக் குறி பழகுகிறார்கள். "3டி ஆர்ச்சரி" என்று அங்கே அதற்கு நல்ல கூட்டமாம்.

அவன் வேட்டையாடுவதை நான் குறை சொல்லவில்லை. அந்த மண்ணின் நிலைமை வேறு. ஆனால் அவன் பேசுவதைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தெளிவானது. வேட்டையில் அவன் மதிக்கிற பொறுமை, பார்வை, விடாமல் இறக்குகிற கட்டுப்பாடு எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு வைக்கோல் டார்கெட்டிலேயே கிடைக்கிறது. உயிர் போக வேண்டிய அவசியமே இல்லை.

திறமை நின்றது, கொலை போனது

இது நம் பக்கத்தில் ஏற்கனவே நடந்து காட்டிய விஷயம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள், தோலுக்காக. 1972 சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் நின்றது. கையில் உலகத்தில் யாருக்கும் இல்லாத வித்தை, வயிற்றுக்கு வழியில்லை. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தடம் பார்க்கிற அதே கண், பிடிக்கிற அதே கை. இப்போது அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது.

உத்திரமேரூர் தாண்டிப் போனால் வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊர் ஜனங்கள் பொறுக்காமல் போய் முறையிட, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்தப் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். சட்டம் வருவதற்கு 174 வருஷம் முன்னாலேயே அந்த ஊர் முடிவு எடுத்துவிட்டது. எங்கள் வில் பருவமும் அங்கே பறவை வருகிற பருவமும் ஒன்றுதான். வருஷா வருஷம் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போவோம், வில் இல்லாமல், பைனாகுலரோடு.

வில்லிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். ராஜஸ்தான் காட்டில் மூங்கில் வில்லால் பறவைகளைக் குறி பார்த்து வளர்ந்த பழங்குடிப் பையன் லிம்பா ராம். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய வில்வித்தைச் சாம்பியன்ஷிப்பில் 30 மீட்டரில் 360க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். 2012இல் பத்மஸ்ரீ. இன்றைக்கு என் மகள் சுவரில் ஒட்டியிருப்பது ஷீதல் தேவியின் படம். கை இல்லாமல் பிறந்து, காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் தாடையாலும் எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வென்றபோது அவளுக்கு வயது 17. அதற்கு முந்தின வருஷம் பெர்லினில் ஜோதி சுரேகா, பர்ணீத் கௌர், அதிதி ஸ்வாமி மூவரும் வில்வித்தையில் இந்தியாவுக்கு முதல் உலகச் சாம்பியன் பட்டத்தை வாங்கித் தந்தார்கள்.

ஒரு உயிரும் போகாத வேட்டை

எங்கள் பருவத்தின் இரண்டு முனையிலும் சாமியின் வில்தான் இருக்கிறது. விஜயதசமி அன்று பல கோயில்களில் சுவாமி எழுந்தருளி அம்பு விடுவார். பழனி முருகன் கோதைமங்கலம் போய், வன்னிகாசுரனாக நட்டு வைத்த வாழை மரத்தின் மேல் அம்பு போடுவது ரொம்பப் பிரசித்தம். மறு முனை மாட்டுப் பொங்கல். காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் புறப்பட்டு, ஊர் ஊராக மண்டகப்படி கண்டு, பழையசீவரம் மலைக்கு வந்து சேர்வார். பிறகு அங்கிருக்கும் லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். எங்களுக்குப் பக்கத்து ஊரான காவாந்தண்டலம் பெருமாளும், சாலவாக்கம் பெருமாளும், திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசரும் சேர, ஐந்து பெருமாளையும் ஒரே இடத்தில் சேவிக்கலாம்.

பேர் வேட்டை. நடப்பதோ ஊரைப் பார்ப்பது, ஜனங்களைப் பார்ப்பது, ஆற்றைக் கடப்பது, அண்டை ஊர்ச் சாமிகளோடு கூடி நிற்பது. வேட்டையில் மனிதனுக்கு எது வேண்டியிருந்ததோ, வீட்டை விட்டு வெளியே போவதும் கூட்டமாகப் போவதும் கண்ணைத் திறந்து வைத்திருப்பதும், அத்தனையும் அதில் இருக்கிறது. சட்டம் சொல்வதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் கோயில்கள் இந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டன என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். சில விஷயங்கள் மட்டும் மனதில் வையுங்கள்.

பாரம் குறைந்த வில்லில் தொடங்குங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 14 முதல் 18 பவுண்டு போதும். பெரிய வில் வாங்கிக் கொடுத்தால் தோள்தான் கெடும். விரலுக்கு ஃபிங்கர் டேப், கைக்கு ஆர்ம் கார்டு இல்லாமல் நாணைத் தொட விடாதீர்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவும் கூடாது, வில் உடைந்துவிடும்.

விசில் முறையை வீட்டிலும் கடைப்பிடியுங்கள். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வரலாம், ஒன்று என்றால் எய்யலாம், மூன்று என்றால் அம்பு எடுக்கப் போகலாம். தொடர்ந்து ஊதினால் அந்த நொடியே எல்லோரும் நிறுத்த வேண்டும். டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், நாங்கள் ஆற்றுக் கரை மேட்டை முதுகாக வைத்துக்கொள்கிறோம். அம்பைப் பிடுங்கும்போது ஒரு கையால் டார்கெட்டை அழுத்தி, மறு கையால் அம்பின் அடியைப் பிடித்து நேராக இழுங்கள். இழுப்பவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

கோச் இல்லாமல் வீடியோ பார்த்து மட்டும் பழகாதீர்கள். தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு வேர் பிடிக்க வைத்தவர்களில் முக்கியமானவர் 2025 மார்ச்சில் மறைந்த ஷிஹான் ஹுசைனி. அவர் தலைமுறை உழைத்ததால் இன்றைக்குப் பல மாவட்டங்களில் பயிற்சி கிடைக்கிறது. உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. எங்கள் பக்கத்து அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மூங்கில் வில்லும் வைக்கோல் டார்கெட்டும் வர வேண்டும். இந்தியன் ரவுண்டுக்குப் பெரிய செலவு கிடையாது. மைதானம் இருக்கிறது, ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்லித்தர ஒரு ஆளும், பின்னால் ஒரு மண்மேடும் இருந்தால் போதும். உண்டிகோலோடு ஓணானைத் துரத்துகிற பையன் கையில் ஒரு வில்லைக் கொடுத்துப் பாருங்கள். முதல் நாளே எய்யச் சொல்லாதீர்கள். இழுக்கச் சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள், விடாமல் இறக்கச் சொல்லுங்கள். அதை ஒழுங்காகச் செய்கிறவனிடம் அம்பைத் தயங்காமல் கொடுக்கலாம்.

வருகிற விஜயதசமிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொள்ளப் போகிறோம். பெற்றோர் கூட வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பின்னால் நின்று தோளைப் பார்க்க ஆள் வேண்டுமே.